எங்களுக்கு மட்டும் ஓடுற மணிக்கூடு

எங்கட ஒழுங்கையில் இருக்கிற அக்கா ஒருத்தர் டவுனில் ஒரு துணிக்கடையில் ஏழு வருசம் வேலை செய்தவ. போன ஆடி மாசம் ஒரு நாள் பின்னேரம் முதலாளி ஃபோன் எடுத்து, "நாளையிலயிருந்து வரவேண்டாம்" எண்டு சொல்லிப்போட்டார். கடிதம் இல்லை, காரணம் இல்லை. தீபாவளி வியாபாரத்துக்கு ஆள் தேவைப்படும், அப்ப கூப்பிடுவினம் எண்டு அக்கா பார்த்துக்கொண்டிருந்தா. தீபாவளியும் போச்சு, பொங்கலும் போச்சு. எட்டு மாசம் கழிச்சு என்னட்ட வந்து, "நீ கம்பஸ்தானே, இதுக்கு எங்க போறது எண்டு கேட்டுச் சொல்லு" எண்டா.

நான் படிக்கிறது கலைப்பீடம், சட்டம் இல்லை. ஆனாலும் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "எந்தத் திகதி நிப்பாட்டினவை?" திகதியைச் சொன்னேன். "ரெண்டு மாசம் பிந்தி வந்திட்டியள்" என்றார். ஏழு வருச வேலை சரியா பிழையா என்ற கதைக்கே போகாமல் விசயம் முடிந்துவிட்டது.

இலங்கையில் வேலைநீக்கம் செய்யப்பட்ட ஒருவர் தொழில் நியாயசபைக்குப் போவதென்றால், நீக்கப்பட்ட நாளில் இருந்து ஆறு மாசத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 2003 ஆம் ஆண்டுத் திருத்தம் இந்தக் காலக்கெடுவைச் சட்டத்துக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறது. முதலாளி கூப்பிடுவார் என்று காத்திருந்த மாசங்களும் இந்த ஆறுக்குள்தான் அடங்கும்.

இதில் எனக்குக் கவலை தருவது, தொழில் நியாயசபை உண்மையில் எங்களை மாதிரி ஆக்களுக்காகவே வந்த ஒன்று என்பதுதான். 1950 ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தை 1957 இல் திருத்தித்தான் இந்தச் சபைகளை உருவாக்கினார்கள். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் அதைத் தாண்டி, நீதியும் நியாயமுமான கட்டளை ஒன்றைக் கொடுக்கும் அதிகாரம் அதற்கு இருக்கிறது. தொழிலாளிக்காக அவருடைய தொழிற்சங்கமே விண்ணப்பிக்கலாம். வேலைநீக்கம் செய்ததை முதலாளி ஒத்துக்கொண்டால், அது ஏன் சரி என்று முதலில் நிரூபிக்க வேண்டியதும் அவர்தான். ஆனால் "நான் நிப்பாட்டேல்ல, அவவாத்தான் வராமல் விட்டவ" என்று அவர் சொல்லிவிட்டால், நீக்கினது உண்மை என்று காட்ட வேண்டிய பாரம் தொழிலாளியின் தலையில் வந்துவிடும். ஃபோனில் வாயால் சொன்னதை எதைக் கொண்டு காட்டுவது? கடிதம் தராமல் அனுப்புவது ஏன் இவ்வளவு வசதியாக இருக்கிறது என்று இப்போது விளங்குகிறது.

சரி, காலக்கெடு என்றால் காலக்கெடு. ஒழுங்கு வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒழுங்கு நீதிமன்றத்துக்கும் இருக்கிறதா?

எங்கட அம்மம்மாவின் காணிக்குப் பங்கு பிரிக்கும் வழக்கு ஒன்று நான் பிறக்க முதலே தொடங்கியது. 1977 ஆம் ஆண்டின் பிரிவிடல் சட்டப்படி பங்குக்காரர் எல்லாரையும் வழக்கில் சேர்க்க வேண்டும். நில அளவையாளர் அளந்து வரைபடம் தர வேண்டும், பிறகு யாருக்கு எவ்வளவு என்று இடைத் தீர்ப்பு, அதற்குப் பிறகு இறுதித் தீர்ப்பு. காகிதத்தில் நேரான பாதைதான். நடப்பில், ஒரு பங்குக்காரர் செத்தால் அவருடைய பிள்ளைகளைச் சேர்க்க ஒரு தவணை, கனடாவில் இருக்கும் பிள்ளைக்கு அறிவித்தல் போகவில்லை என்று இன்னொரு தவணை. வழக்குப் போட்ட பெரியப்பா இப்போது இல்லை. தவணைக்குத் தவணை போய்வந்த அம்மம்மாவும் இல்லை. வழக்கு மட்டும் இருக்கிறது. இருபத்தைந்து வருசம் பிந்திவிட்டது என்று நீதிமன்றத்தைப் பார்த்து யாரும் சொல்வதில்லை.

இதை நான் கோபத்தில் சொல்வதாக நினைக்கலாம். சட்டமே இதை எழுதித்தான் வைத்திருக்கிறது. காணிச் சண்டையில் அமைதி குலையும் என்றால் பொலிஸ் நீதிமன்றத்துக்கு அறிவிக்கும். அதுதான் எல்லாருக்கும் பழக்கமான "66 வழக்கு", அதாவது 1979 ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவு. இதில் உறுதி யாருடையது என்று முடிவெடுக்க மாட்டார்கள். அறிவித்த அன்று காணியில் யார் இருந்தார் என்பதுதான் கேள்வி. பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் என்றால், அது அதற்கு முந்திய இரண்டு மாசத்துக்குள் நடந்திருக்க வேண்டும். இது எங்களுக்கான கணக்கு. அதே சட்டம் நீதிமன்றத்துக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது: விசாரணையை மூன்று மாசத்துக்குள் முடிக்க வேண்டும். ஆனால் 1982 இல் உச்ச நீதிமன்றம் ஒரு காணி வழக்கில், நீதிமன்றத்துக்கான அந்தக் காலக்கெடு வழிகாட்டல் மட்டும்தான், கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டது.

அதற்குச் சொன்ன காரணம் நல்ல காரணம். நீதிமன்றம் பிந்துவதில் வழக்காளிக்குக் கட்டுப்பாடு இல்லை, தன் கையில் இல்லாத தாமதத்துக்காக அவர் நட்டப்படக்கூடாது என்பது. நான் கேட்பதும் இதையேதான். ஃபோனில் வேலையை விட்டு நிப்பாட்டப்பட்ட அக்காவுக்கு, கூப்பிடுவேன் கூப்பிடுவேன் என்று இழுத்தடிக்கப்பட்ட மாசங்களில் என்ன கட்டுப்பாடு இருந்தது? அந்த இரக்கம் ஏன் அவவின் வாசல் வரை வரவில்லை?

இதே கதையின் பெரிய வடிவத்தை நாங்கள் ஊரோடு சேர்ந்து பார்த்தோம். 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச்சட்டப்படி, இன்னொருவரின் காணியில் பத்து வருசம் தடையில்லாமல், அவருடைய உரிமைக்கு எதிராக ஒருவர் இருந்தால், அவர் அந்தக் காணிக்கு உரிமை கேட்கலாம். சொந்தக்காரர் சிறு பிள்ளையாகவோ மனநலம் குன்றியவராகவோ கடல் கடந்து போனவராகவோ இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. அதாவது கப்பலேறிப் போனவரின் கஷ்டம் 1871 இலேயே சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. மாட்டு வண்டிலிலும் சைக்கிளிலும் சாமானை ஏற்றிக்கொண்டு அதே தீவுக்குள் இடம்பெயர்ந்தவரின் கஷ்டம் தெரியவில்லை.

அது தெரியவர 2016 ஆனது. அந்த ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை உள்ள காலத்தை, யுத்தத்தால் வழக்குப் போட முடியாமல் போனவர்களுக்கு எதிராகக் கணக்கில் எடுக்கக்கூடாது என்றது. நல்ல சட்டம். ஆனால் அதன் பயனைப் பெற இரண்டு வருசத்துக்குள், 2018 ஏப்ரலுக்குள், வழக்குப் போட வேண்டியிருந்தது. இருபத்தாறு வருச இழப்பைக் கேட்க இரண்டு வருசம். அப்போதும் தன் காணிக்குள் கால் வைக்க முடியாமல் இருந்தவர்களும், இப்படி ஒரு சட்டம் வந்ததையே கேள்விப்படாதவர்களும் என்ன செய்திருப்பார்கள்?

பிறகு 2025 மார்ச் 28 வர்த்தமானி. வடக்கில் கிட்டத்தட்ட 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாசத்துக்குள் உரிமை கோராவிட்டால் அது அரச காணியாகிவிடும் என்ற அறிவித்தல். உறுதி தொலைத்தவர்கள், முகாமில் எரியக் கொடுத்தவர்கள், உறுதிக்காரரே காணாமல் போன குடும்பங்கள், எல்லாருக்கும் மூன்று மாசம். அந்த முறை ஜூனில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, அரசாங்கமும் வர்த்தமானியை மீளப்பெற்றது. நீதிமன்றத்தால் மணிக்கூட்டை நிப்பாட்டவும் முடியும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் அதற்கு ஒரு மாகாணமே சத்தம் போட வேண்டியிருந்தது. ஒரு துணிக்கடை அக்காவுக்காக யார் சத்தம் போடுவார்?

காலக்கெடுவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாட்சிகள் மறந்துபோவார்கள், கடதாசிகள் அழிந்துபோகும். பத்து வருசம் கழித்து ஒரு சின்னக் கடைக்காரரை இழுத்துப் பதில் சொல்லச் சொல்வதும் அநியாயம்தான். நான் கேட்பது இரண்டு விசயம். பிந்தியதற்கு ஏற்றுக்கொள்ளக்கூடிய காரணம் இருந்தால் அதைக் கேட்டுப் பார்க்கும் அதிகாரத்தைத் தொழில் நியாயசபைக்கு சட்டத்தில் தெளிவாக எழுதிக் கொடுங்கள். வேலைநீக்கத்தை எழுத்தில் தர வேண்டும், அந்தக் கடிதத்திலேயே ஆறு மாசக் கணக்கைத் தொழிலாளியின் மொழியில் சொல்ல வேண்டும், எழுத்தில் தரும்வரை மணிக்கூடு ஓடக்கூடாது என்று ஆக்குங்கள்.

அது நடக்கும்வரை எங்கட கையில் இருப்பது ஒன்றுதான். இதை வாசிக்கிற உங்களில் கனபேர் கடையிலோ கொம்பனியிலோ பாட்டைம் வேலை செய்வீர்கள். நியமனக் கடிதம் கேளுங்கள். சம்பளத் துண்டுகளையும் வாட்ஸ்அப் மெசேஜ்களையும் அழிக்காதீர்கள். ஊழியர் சேமலாப நிதிக்குக் காசு போகிறதா என்று பாருங்கள். "வரவேண்டாம்" என்று சொன்னால், அன்றைக்கே திகதியைக் கொப்பியில் எழுதுங்கள்.

அக்காவுக்கு சேமலாப நிதி ஒழுங்காகக் கட்டுப்படவில்லை என்று பிறகு தெரியவந்தது. அதற்கு இந்த ஆறு மாசக் கணக்கு இல்லை. தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். எப்ப முடியும் எண்டு அக்கா கேட்டா. கவுண்டரில் இருந்தவர், "அறிவிப்பம்" என்றார். எத்தனை மாசத்துக்குள் என்று மட்டும் சொல்லவில்லை.