எஃப்80-ம் மாமாவோட லென்ஸும்

மாமா வீட்டு பீரோவை ஒழிச்சப்போ ஒரு 50 மி.மீ. எஃப்/1.8 நிக்கான் லென்ஸ் கிடைச்சுது. கையால ஃபோகஸ் பண்ற பழைய ஏஐ லென்ஸ். கேமரா எப்பவோ காணாமப் போச்சு, லென்ஸ் மட்டும் பூஞ்சை பிடிக்காம தப்பிச்சிருக்கு. "நீயே வச்சுக்கடா"ன்னுட்டார். இதுக்கு ஒரு செகண்ட்ஹேண்ட் ஃபிலிம் பாடி வாங்கலாம்னு, ஆபீஸ்ல ஆணி கம்மியா இருந்த ரெண்டு நாள் உக்காந்து படிச்சேன். அதோட விளைவுதான் இந்தப் பதிவு. கேமரான்னாலே அலர்ஜிங்கறவங்க இப்பவே அப்பீட் ஆகிக்கலாம் :-)

ஃபிலிம் எஸ்.எல்.ஆர்.ல ஒரு சௌகரியம், பாடிக்குள்ள சென்சார் கிடையாது. ஒரே ஃபிலிம், ஒரே லென்ஸ், ஒரே எக்ஸ்போஷர்னா, மலிவுப் பொட்டியில எடுத்த படத்தையும் உசத்திப் பொட்டியில எடுத்த படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சா யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. அப்போ கூடுதல் காசு எதுக்கு?

நிக்கானையே எடுத்துக்குவோம். எஃப்5 (1996), எஃப்100 (1999), எஃப்80 (2000). வ்யூஃபைண்டர்ல தெரியறது எஃப்5ல 100 சதவீதம், எஃப்100ல 96, எஃப்80ல 92. ஷட்டர் மேல ரெண்டுலயும் 1/8000 வரைக்கும், எஃப்80ல 1/4000. எஃப்5 நொடிக்கு 8 படம் தள்ளும், ஆனா பாடி மட்டுமே 1,210 கிராம், எட்டு பேட்டரி தனி. எஃப்80 அதுல பாதி கூட இல்ல. இதெல்லாம் நியாயமான வித்தியாசம்தான். கிரிக்கெட் மேட்ச் எடுக்கறவன் எஃப்5 வாங்கட்டும், ஊர் சுத்தறவனுக்கு எஃப்80 போதும்.

எனக்குக் கடுப்பு வேற இடத்துல. மாமாவோட லென்ஸ் எஃப்80ல கச்சிதமா மாட்டும். ஆனா சிப் இல்லாத லென்ஸ்னு தெரிஞ்சதும் லைட் மீட்டர் வேலை செய்யாது. எஃப்100லயும் எஃப்5லயும் செய்யும். லென்ஸ்ல அபர்ச்சர் எங்க இருக்குன்னு பாடிக்குச் சொல்ற சின்ன வளையம் அதுங்கள்ல இருக்கு, எஃப்80ல இல்ல.

"செலவைக் குறைக்கத்தான் எடுத்துட்டாங்க"ன்னு வாதாடலாம். ஆனா எல்லாத்தையும் விட மலிவான எஃப்எம்10ல மீட்டர் வேலை செய்யுதே! சரி, அது முழுக்க மேனுவல் கேமரா, அது இல்லாம பிழைப்பு ஓடாது. அப்படின்னா இன்னொண்ணு. கேனன் ஈஓஎஸ் பாடியில ஒரு அடாப்டர் போட்டு எவனோ செஞ்ச பழைய திருகு லென்ஸை மாட்டினா, அபர்ச்சரை மூடி வச்சுக்கிட்டே மீட்டர் பார்க்கலாம். அதுக்கு எந்த வளையமும் வேண்டாம், உள்ள வர்ற வெளிச்சத்தை அளந்தா போதும். எஃப்80க்குள்ள மீட்டர் இல்லையா என்ன? பொட்டி தட்டறவன் கண்ணுக்கு இது, 'லைட் எடிஷன்'ல மெனுவைச் சாம்பல் கலராக்கி வைக்கிற வேலையாத்தான் தெரியுது.

கேனன் மட்டும் யோக்கியமான்னா, 1987ல மவுண்டையே மாத்தி பழைய எஃப்டி லென்ஸ்காரங்க மொத்தப் பேரையும் நடுத்தெருவுல விட்டாங்க. ஆனா ஏழை பணக்காரன் பார்க்காம விட்டாங்க. நடுத்தட்டு ஈஓஎஸ் 3ல (1998) கண்ணால பார்த்தே ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்தெடுக்கற வசதி கூட உண்டு. உச்சாணியில இருக்கற 1விக்கு (2000) அது கிடையாது.

ஆட்டோஃபோகஸ் லென்ஸ் மட்டும் வச்சிருந்தா யோசிக்காம எஃப்80 வாங்குங்க, அந்தக் காசுக்கு அதை அடிச்சுக்க ஆள் இல்ல. பழைய லென்ஸும் இருந்தா எஃப்100. நான் வாங்கினது எஃப்எம்10. "பிளாஸ்டிக், கொசினா செஞ்சது, அசல் நிக்கானே இல்ல"ன்னு திட்டுவாங்க. கொசினா செஞ்சதுதான். ஆனா பேட்டரி செத்தாலும் ஷட்டர் ஓடும். 2006ல நிக்கான் ஃபிலிம் கேமராவை ஏறக்கட்டினப்போ விட்டு வச்சதே உச்சியில எஃப்6, அடியில இது, ரெண்டுதான்.

போன வாரம் மாமாகிட்ட காட்டினேன். பாடியைப் பத்தி ஒண்ணும் கேக்கல. லென்ஸ் வளையத்தை ரெண்டு தடவை திருகிப் பார்த்துட்டு, "ரோல்ல இன்னும் எத்தனை படம் இருக்கு?"ன்னார்.