நீரிழிவு சிறுநீரக நோய்: திரைவழி ஆலோசனை பலன் தர சிறுநீர்ப் பரிசோதனை அவசியம்

புது தில்லி: நாட்டில் 10.1 கோடி பேர் நீரிழிவு நோயுடன் வாழ்வதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 'இண்டியாப்' ஆய்வு 2023-ஆம் ஆண்டு மதிப்பிட்டது. நாள்பட்ட நீரிழிவு இவர்களில் பலரது சிறுநீரகங்களைச் சேதப்படுத்துகிறது. சிறுநீரகச் செயலிழப்புக்கு அது முதன்மையான காரணங்களுள் ஒன்றாகும். ஆனால், சிறுநீரகவியல் நிபுணர்கள் பெரும்பாலும் பெருநகரங்களிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலுமே உள்ளனர். இந்த இடைவெளியைத் தொலைமருத்துவம் எந்த அளவுக்கு நிரப்பும் என்ற கேள்வி முக்கியத்துவம் பெற்றுள்ளது.

தயார் நிலையில் கட்டமைப்பு

அதற்கான தொழில்நுட்ப அடித்தளம் நாட்டில் ஏற்கெனவே உள்ளது. மொகாலியில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இ-சஞ்சீவனி தளம் 2019 நவம்பரில் செயல்பாட்டுக்கு வந்தது. கிராம அளவிலான சுகாதார மையத்தில் பணியாற்றும் சமுதாய சுகாதார அலுவலர், நோயாளியை மாவட்ட மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரியில் உள்ள மருத்துவருடன் காணொலி வழியாக இணைக்கிறார். நோயாளிகள் வீட்டிலிருந்தே ஆலோசனை பெறும் வசதி 2020 ஏப்ரலில் தொடங்கப்பட்டது. அதற்கு முந்தைய மாதம் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள் இம்முறைக்குத் தெளிவான விதிகளை வகுத்தன. 2023 பிப்ரவரியில் இத்தளத்தின் மொத்த ஆலோசனைகள் 10 கோடியைக் கடந்தன.

நிபுணருக்குத் தேவையான தகவல்

எனினும், ஆலோசனைகளின் எண்ணிக்கை உயர்வதால் மட்டுமே சிறுநீரகங்கள் காப்பாற்றப்படுவதில்லை. நீரிழிவு சிறுநீரக நோய் தொடக்க நிலையில் வலியையோ வீக்கத்தையோ ஏற்படுத்துவதில்லை. சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் சிறிதளவு கசிவதே பெரும்பாலானோரிடம் அதன் முதல் அடையாளம். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் அல்புமின் தொடர்ந்து காணப்பட்டால் அது எச்சரிக்கை. ரத்தத்தில் கிரியேட்டினின் தெளிவாக உயரும்போது சிறுநீரகத்தின் செயல்திறனில் கணிசமான பகுதி ஏற்கெனவே இழக்கப்பட்டிருக்கக்கூடும்.

எனவே, இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்ட நாளிலிருந்தே ஆண்டுதோறும் சிறுநீர் அல்புமின்-கிரியேட்டினின் விகிதத்தையும் ரத்தக் கிரியேட்டினினையும் பரிசோதிக்க வேண்டும் என சர்வதேச வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. சிறிய மையங்களில் வழக்கமாகப் பயன்படுத்தப்படும் சிறுநீர்ப் பட்டைச் சோதனை, தொடக்க நிலைக் கசிவைத் தவறவிட வாய்ப்புண்டு. இந்தப் பரிசோதனை முடிவுகள் இல்லாமல் இணைக்கப்படும் காணொலி அழைப்பில் நிபுணர் கூறக்கூடியது மிகக் குறைவு.

மாறியுள்ள சிகிச்சை

நோயை முன்கூட்டியே கண்டறிவதன் பலன் கடந்த பத்தாண்டுகளில் பெரிதும் கூடியுள்ளது. டாபாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் போன்ற மருந்துகள் சிறுநீரகப் பாதிப்பின் வேகத்தைக் குறைப்பதைப் பெரிய ஆய்வுகள் நிறுவியுள்ளன. முன்னதற்கு 2020-ஆம் ஆண்டிலும், பின்னதற்கு 2025 மார்ச்சிலும் இந்தியாவில் அடிப்படைக் காப்புரிமை முடிவடைந்தது. பல நிறுவனங்கள் பொதுப்பெயர் மருந்துகளை வெளியிட்டதால் விலை வெகுவாகச் சரிந்தது.

ஆயினும் இவற்றைப் பயன்படுத்துவதில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்குத் தயக்கம் ஏற்படுவது இயல்பே. உதாரணமாக, சிறுநீரகத்தைக் காக்கும் ரத்த அழுத்த மாத்திரைகளைத் தொடங்கிய சில வாரங்களில் கிரியேட்டினின் சற்று உயரலாம். இந்த உயர்வு 30 சதவீதத்துக்குள் இருந்து, பொட்டாசியம் கட்டுக்குள் இருந்தால் பொதுவாக மருந்தைத் தொடரலாம். இதை அறியாமல் மருந்து நிறுத்தப்பட்டால் நோயாளி அதன் பாதுகாப்பை இழக்கிறார். தொலைவிலிருக்கும் நிபுணரின் சில நிமிட விளக்கம் இத்தகைய தருணங்களில்தான் பெரும் மாற்றத்தை ஏற்படுத்தும்.

உள்ளூர் மருத்துவரைப் பயிற்றுவிக்கும் இம்முறைக்கு முன்னுதாரணம் உண்டு. இந்தியாவில் பிறந்த மருத்துவர் சஞ்சீவ் அரோரா அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் 2003-ஆம் ஆண்டு தொடங்கிய 'எக்கோ' திட்டம், ஹெபடைடிஸ் சி சிகிச்சையில் ஊரக மருத்துவர்களுக்குக் காணொலி வழியாக வழிகாட்டியது. அவர்களின் சிகிச்சையில் குணமடைந்தோர் விகிதம் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு இணையாக இருந்ததை 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது.

வரம்புகளும் தேவைகளும்

தொலைமருத்துவத்துக்கு வரம்புகளும் உள்ளன. திசு ஆய்வு, ஸ்கேன், டயாலிசிஸுக்கான ரத்தநாள அறுவை சிகிச்சை ஆகியவற்றைத் திரை வழியாகச் செய்ய இயலாது. சிறுநீரகச் செயல்திறன் 30-க்குக் கீழ் சரிந்தவர்களையும், அல்புமின் கசிவு 300 மில்லிகிராமைத் தாண்டி நீடிப்பவர்களையும் நிபுணரிடம் நேரில் அனுப்புவதே முறை. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு மருத்துவர் பேசுவதும், முந்தைய முடிவுகள் அவர் கைக்கு எட்டாததும் மற்றொரு இடர். 2021-இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தின் சுகாதார அடையாள எண்ணுடன் பரிசோதனை முடிவுகளை இணைப்பது இதற்குத் தீர்வாகலாம்.

சிறுநீரகம் செயலிழந்த பிறகு, வாரத்துக்குப் பெரும்பாலும் 3 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம் டயாலிசிஸ் தேவைப்படுகிறது. 2016-இல் அறிவிக்கப்பட்ட பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டம் ஏழைகளுக்கு அச்சிகிச்சையை இலவசமாக வழங்குகிறது. ஆனால் மருத்துவமனைக்குச் சென்று வரும் செலவும், அந்த நாள்களின் கூலி இழப்பும் குடும்பத்தின் மீதே விழுகின்றன. அந்த நிலையை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடக்கூடிய மாத்திரைகள் இன்று எட்டும் விலையில் உள்ளன.

ஆகவே, எத்தனை அழைப்புகள் நடந்தன என்ற கணக்குடன், எத்தனை நீரிழிவு நோயாளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீர்ப் பரிசோதனை நடந்தது, பாதிப்பு தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு உரிய மருந்து தொடர்ந்து கிடைக்கிறது என்பதையும் சுகாதாரத் துறைகள் அளவிட வேண்டும். தொலைதூர ஆலோசனையின் உண்மையான பயனை அந்த எண்களே உணர்த்தும்.