நடுக்கூடத்துச் சகுனி

ஊத்தங்கரையில் நாம் குடியிருக்கும் தெருவில், கடந்த விடுமுறையின்போது பிள்ளைகள் ஒரு புதிய விளையாட்டைக் கண்டுபிடித்தனர். ஒவ்வொருவராக மாடிப்படியின் அடியிலுள்ள இருட்டு மூலைக்குச் சென்று, யாரை வெளியேற்றலாம் என்று 'பிக் பாஸி'டம் காதோடு சொல்லவேண்டும். வெளியே வந்ததும் அதே பிள்ளையின் தோளில் கைபோட்டுக்கொள்ள வேண்டும். வெளியேற்றப்பட்டவன் ஏழு வயதுச் சிறுவன். தாய் விடியுமுன்னே கம்பெனிப் பேருந்தில் ஓசூருக்கு வேலைக்குச் செல்பவர். ஒரு வாரம் அவன் தெருவில் இறங்கவில்லை. ஏனடா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டோம். "சும்மா கேம் சார்" என்றார்கள்.

இந்தச் 'சும்மா' என்ற சொல்லோடுதான் நமக்கு வழக்கு.

விஜய் தொலைக்காட்சியில் 2017 ஜூனில் கமல்ஹாசன் தொகுத்தளிக்கத் தொடங்கிய 'பிக் பாஸ்', 2024 முதல் விஜய் சேதுபதியின் கைக்கு மாறியது. அதன் மூலம் 1999இல் நெதர்லாந்தில் பிறந்தது. அதே நாட்டில் 2021இல் தோன்றிய இன்னொரு நிகழ்ச்சியின் இந்தி வடிவமான 'தி ட்ரெய்டர்ஸ்' 2025இல் வந்தது. துரோகி இறுதிவரை பிடிபடாவிட்டால் பரிசுத்தொகை அவனுக்கே என்பது அதன் வெளிப்படையான விதி. தேடிச்சென்று பார்ப்போர் பார்க்கட்டும். ஆனால் முன்னது நம் இரவு உணவு வேளையில், பாட்டி முதல் பேத்தி வரை அமர்ந்திருக்கும் கூடத்தில் ஓடுகிறது.

நண்பர்கள் உடனே மறுப்பார்கள்: நம் இலக்கியத்தில் வஞ்சகம் இல்லையா? உண்டு. சிலம்பில் பொற்கொல்லன் உண்டு. இவ்வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தில் சகுனி உண்டு. மடியில் குழந்தையோடுதான் சனம் பார்க்கிறது. ஆனால் அந்தக் கூத்து சூதோடு முடிவதில்லை. படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் வீழ்ந்து, பாஞ்சாலி கூந்தல் முடித்த பிறகே ஊர் கலைகிறது. ஏமாற்றப்பட்டவளின் கண்ணீருக்கு அங்கே கணக்குத் தீர்க்கப்படுகிறது. இங்கோ சகுனிக்குக் கைதட்டல். கண்ணீர் அடுத்த நாள் முன்னோட்டத்துக்கான துண்டுக்காட்சி. மேலும், சகுனி வேடமிட்டவர் விடிந்ததும் வேடம் கலைத்துவிடுகிறார். இங்கே காட்டப்படுவோர் சொந்தப் பெயரோடு இருக்கும் மனிதர்கள். அவர்கள் எதைக் கலைப்பது?

மக்கள் நேர்மையின் பக்கமே நிற்கிறார்கள் என்பதற்கு 2017இல் ஓவியாவுக்குக் குவிந்த ஆதரவைச் சான்று காட்டுவோரும் உளர். ஆதரவு உண்மை. ஆனால் அந்த ஆகஸ்டிலேயே அவர் மனமுடைந்து வெளியேறினார் என்பதும் உண்மை. ஆட்டம் நிற்கவில்லை, நாமும் பார்ப்பதை நிறுத்தவில்லை.

தடை கோருகிறோமா? இல்லை. 2010 நவம்பரில் இந்தி 'பிக் பாஸை' இரவு 11 மணிக்குமேல்தான் ஒளிபரப்பலாம் என்று மத்திய அமைச்சகம் ஆணையிட்டது. மும்பை உயர் நீதிமன்றத்தில் அந்த ஆணை நிற்கவில்லை. அன்றைய குற்றச்சாட்டும் ஆபாசத்தையும் வசைமொழியையும் பற்றியது. கெட்ட வார்த்தைக்கு ஒலிமறைப்பு இருக்கிறது. சிரித்துக்கொண்டே முதுகில் குத்துவதற்கு எந்த ஒலிமறைப்பைப் போடுவது?

புறங்கூறாமைக்கும் கூடா நட்புக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தவர் வள்ளுவர். பகலில் அவற்றை வகுப்பில் நடத்திவிட்டு, இரவில் அவற்றின் மறுதலையைப் பிள்ளைகளோடு அமர்ந்து ரசிக்கிறோம். 'நாம்' என்று எழுதுவது மரபுக்காக மட்டுமன்று. நம் வீட்டுக் கூடத்திலும் அது ஓடியது. அந்த விளையாட்டில் இருட்டு மூலைக்குப் போய்வந்தவர்களுள் நம் மகளும் ஒருத்தி.

இது குடும்பக் காட்சியன்று. பெரியவர்கள் பார்க்க விரும்பினால், பிள்ளைகள் உறங்கிய பிறகு பார்க்கட்டும். அதற்கு அமைச்சகம் வேண்டாம். ரிமோட் நம் கையில்தான் இருக்கிறது.