கழுத்துப் பட்டையும் கடலூர் வெயிலும்

பள்ளிக்கூடம் திறக்கும் மாதம் இது. வரலாற்று வாத்தியார் ஓய்வு பெற்றாலும் பழக்கம் விடாது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். கடைசி பெஞ்சுக்காரர்களும் பொறுமையாகப் படியுங்கள்.

சினிமாவில் வெள்ளைக்காரச் சிப்பாய் என்றால் சிவப்புச் சட்டைதான். ஆனால் அதே படையில் 1800 வாக்கிலேயே கரும்பச்சைச் சட்டை போட்ட ரைபிள் படைப்பிரிவுகள் இருந்தன. மார்பின் குறுக்கே வெள்ளைப் பட்டைக்குப் பதில் கறுப்புத் தோல். படைக் கொடி கிடையாது, முரசும் கிடையாது, ஊதுகொம்புதான். காரணம் எளிது. ரைபிள்காரன் வரிசையில் நிமிர்ந்து நிற்பவன் அல்ல. புதருக்குப் பின்னால் பதுங்கி, தூரத்தில் இருப்பவனைக் குறிபார்த்துச் சுடுபவன். பளபளப்பு அவனுக்கு எமன். ஆக, போட்டுக்கொள்கிறவன் என்ன வேலை செய்கிறான் என்று யோசித்துத் தைத்த சட்டை அது.

மற்றவர்களுக்கு அப்படி யோசிக்கவில்லை. நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். 1781 ஜூனில் அயர் கூட் சிதம்பரம் கோயிலைத் தாக்கித் தோற்றுப் பின்வாங்கினார். உள்ளே இருந்தது ஹைதர் அலியின் படை. ஜூலை 1ஆம் தேதி பரங்கிப்பேட்டையில் பெரிய சண்டை. அந்தப் படையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள், கம்பெனிச் சிப்பாய்கள். மேலே சிவப்புக் கோட்டு, கீழே முழங்காலுக்கு மேல் நிற்கும் அரைக்கால் சட்டை, காலில் செருப்பு. கீழ்ப்பாதி நம் ஊர் அறிவு. மேல்பாதி இங்கிலாந்துக் கம்பளி!

இதில் வேடிக்கை என்னவென்றால், தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் கம்பெனி உட்கார்ந்திருந்ததே நம் நெசவாளிகளின் பருத்தித் துணியை வாங்கிக் கப்பலேற்றத்தான். பருத்தி இங்கிருந்து குளிர் நாட்டுக்குப் போனது. கம்பளி அங்கிருந்து வெயில் நாட்டுக்கு வந்தது. சிப்பாயின் சம்பளத்தில் சட்டைக்கென்று பிடித்தம் வேறு. துணி வாங்கித் தைத்ததுபோக மிஞ்சும் காசு மேலதிகாரிகளின் பைக்குப் போகும். இந்த வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

வேலூர்ப் புரட்சி உங்களுக்கு மறந்திருக்காது. தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வி. தொப்பி போலத் தெரிந்த புதுத் தலைப்பாகை, அதில் தோல் குஞ்சம்; கடுக்கன் கூடாது, நெற்றியில் குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும். போடப் போகிறவர்களை யாரும் கேட்கவில்லை. மறுத்தவர்களுக்குச் சவுக்கடி. 1806 ஜூலை 10 விடியுமுன் கோட்டை வெடித்தது. திப்புவின் பிள்ளைகள் அங்கே சிறையிருந்தது உட்பட வேறு காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சில நாட்களிலேயே தலைப்பாகை உத்தரவை வாபஸ் வாங்கினார்கள். நூற்றுக்கணக்கான உயிர் போன பிறகு.

வெள்ளைக்காரச் சிப்பாயின் பாடும் சுகமில்லை. தலை குனியாமல் இருக்கக் கழுத்தில் விறைப்பான தோல் பட்டை கட்டிவிடுவார்கள். பச்சைச் சட்டைக்காரனும் வெயிலுக்குத் தப்பவில்லை; பச்சையானாலும் கம்பளி கம்பளிதான். 1857 மே மாதக் கடைசியில், மீரட்டிலிருந்து டெல்லிக்குப் போகும் வழியில் ஹிண்டன் ஆற்றங்கரையில் 60ஆவது ரைபிள் படை சண்டையிட்டபோது, குண்டுபட்டு விழுந்தவர்கள் போக வெயில் தாக்கி விழுந்தவர்களும் இருந்தார்கள். அதே கோடையில் சியால்கோட்டிலிருந்து புறப்பட்ட 52ஆவது படை, தன் வெள்ளைக் கோடைத் துணிகளை மண் நிறத்தில் சாயம் தோய்த்துக்கொண்டது. பெஷாவரில் 1846இல் தொடங்கிய கைட்ஸ் படை அதற்கு முன்பே அந்த நிறத்துக்கு வந்துவிட்டது. ‘காக்’ என்றால் பாரசீகத்தில் புழுதி; அதிலிருந்து வந்ததுதான் காக்கி. நம் போலீஸ்காரரும் பஸ் டிரைவரும் போடும் காக்கியின் பூர்வீகம் புழுதிதான்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஜூன் மாதம் கடலூரில் காலை எட்டு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டுகிறது. அந்த நேரத்தில் வேன் ஏறும் ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் கழுத்தில் டை, இடுப்பில் பெல்ட், காலில் சாக்ஸோடு ஷூ, மேலே பாலியஸ்டர். என் பேத்தி படிக்கும் பள்ளியில் துணி, டை, பெல்ட் எல்லாம் பள்ளிக் கவுன்ட்டரில்தான் வாங்க வேண்டும். வெளியே தைத்தால் செல்லாது. மனதில் வைக்கச் சொன்ன வரி இப்போது புரிகிறதா?

“டை கட்டினால்தானே சார் ஒழுக்கம் வரும்” என்று என்னிடம் படித்தவர்களே கேட்கிறீர்கள். முப்பது வருடம் வகுப்பறையில் நின்றவன் சொல்கிறேன், டை கட்டி ஒழுக்கம் வந்த பிள்ளையை நான் பார்த்ததில்லை. கழுத்தைச் சொறிந்துகொண்டு கரும்பலகையைப் பார்க்காத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பிரேயரில் மயங்கி விழுந்தவர்களையும் தூக்கியிருக்கிறேன். கறுப்புக் கோட்டு வக்கீல்களுக்கே கோடையில் கீழ்க் கோர்ட்டுகளில் கோட்டு கட்டாயமில்லை என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சலுகை கிடையாதா?

சீருடையே வேண்டாம் என்று சொல்லவில்லை. அது வேண்டும். பணக்கார வீட்டுப் பிள்ளையும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையும் ஒரே துணியில் உட்காருவதன் அருமை எனக்குத் தெரியும். அரசே விலையில்லாமல் தரும் சீருடையை டை இல்லாமல் போட்டுப் படித்துத்தான் உங்களில் சிலரின் பிள்ளைகள் இன்று அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வரை போயிருக்கிறார்கள். நான் கேட்பது பருத்தித் துணி, காற்றுப் போகும் செருப்பு, திறந்த கழுத்து, எந்தக் கடையிலும் வாங்கும் உரிமை. அவ்வளவுதான்.

உங்களில் இரண்டு மூன்று பேர் இப்போது பள்ளி நடத்துகிறீர்கள். பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். அடுத்த ஆண்டுச் சீருடைக்கு ஆர்டர் கொடுக்கும் முன், அதே துணியில் உங்களுக்கு ஒரு செட் தைத்து, டையும் ஷூவும் போட்டுக்கொண்டு, மே மாதத்தில் ஒருநாள் மதியம் மஞ்சக்குப்பத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூர் வரை நடந்து பாருங்கள். மற்றவர்கள் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று கீழே எழுதுங்கள், நான் ஒவ்வொன்றையும் படிப்பேன்.