ஹிட் கணக்கு, ஆள் கணக்கு இல்லீங்க

1/ "எங்க தளத்துக்கு இத்தனை லட்சம் ஹிட்"னு அறிக்கை விடுறவங்க கவனத்துக்கு. ஹிட்னா ஆள் இல்ல. 20 படம் உள்ள பக்கத்தை ஒருத்தர் திறந்தா சர்வர் லாக்ல 21 வரி விழும். வந்தது ஒருத்தர்தான்.

2/ ஓபி-ல ஒருத்தர் சீட்டு, பிபி, லேப், மருந்துன்னு நாலு வரிசைல நின்னா நாலு நோயாளின்னா எழுதுறோம்?

3/ 2021 ஏப்ரல் 28. கோவின்ல 18 வயசுக்கு மேற்பட்டவங்க பதிவு ஆரம்பிச்ச நாள். அரசு சொன்ன கணக்கு: 3 மணி நேரத்துல 80 லட்சம் பேருக்கு மேல பதிவு, ஏபிஐ ஹிட் 38.3 கோடி. ஓடிபி கேட்டா ஹிட். ஸ்லாட் கிடைக்காம திரும்பத் திரும்பத் தேடினாலும் ஹிட். ஜனங்க தவிச்சதையும் சேர்த்துக் கூட்டிட்டு அதைச் சாதனைன்னு சொல்லலாமா?

4/ ஏடபிள்யூஸ்டாட்ஸ் 'தனி வருகையாளர்'னு காட்டுறதும் ஐபி-யை எண்ணித்தான். ஒக்கூர்ல பல போன் ஒரே ஐபி-ல போகலாம்; ஒரே போன் நாளைக்கு வேற ஐபி-ல வரலாம். அதுவும் தோராயம்தான்.

5/ ஸ்மார்ட்போனே இல்லாத பாட்டிக்கு எந்த லாக்லயும் ஒரு வரி கிடையாது. அவங்க இருக்கிறது கிராம சுகாதார செவிலியரோட பதிவேட்டுல. திட்டம் போடுறவங்க முதல்ல அதைப் புரட்டுங்க.