800 பழைய காருக்குப் புது பெயின்ட் - ஒரு பொட்டி தட்டுறவனின் புலம்பல்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கலை. ஆணி அதிகம். இப்பவும் அதிகம்தான், ஆனா போன வாரம் சித்தப்பா பையன் ஃபோன் பண்ணி ஒரு கேள்வி கேட்டான். அதுல இருந்து வயித்தெரிச்சல் தாங்கலை, இங்க வந்து கொட்டிட்டுப் போறேன்.

"அண்ணா, கார் ரேஸ் கேம் வாங்கணும். எதுல கார் ஜாஸ்தி?"

இந்தக் கேள்விதான் மக்களே எல்லா வியாதிக்கும் மூலம்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். சின்ன வயசுல மாமா வீட்டுல பிளேஸ்டேஷன் 2 இருந்துச்சு. அதுல கிரான் டூரிஸ்மோ 4. 2004 கடைசியில ஜப்பான்ல வந்த கேம், 700க்கும் மேல கார். நான் அதுலயே கெடந்தது நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்34க்காக. அந்தக் கார் இந்தியாவுல அதிகாரபூர்வமா வித்ததே இல்லை. எனக்கு அது இருந்த ஒரே இடம் அந்த டிவி பொட்டிக்குள்ளதான்.

அப்புறம் 2010 நவம்பர்ல பிளேஸ்டேஷன் 3க்கு கிரான் டூரிஸ்மோ 5 வந்துச்சு. 1000க்கும் மேல கார்னு அட்டையில போட்டாங்க. பிரிச்சுப் பாத்தா சுமார் 200 கார் 'பிரீமியம்', புதுசா செஞ்சது. மீதி 800 'ஸ்டாண்டர்ட்'. பிளேஸ்டேஷன் 2லயும் பிஎஸ்பிலயும் இருந்த அதே பழைய மாடலைத் தூசி தட்டி, ஹைடெஃபனிஷன் டிவியில கொண்டு வந்து நிறுத்திட்டாங்க. கேம் வந்தப்ப அந்த 800 காருக்கு உள்ளே உக்காந்து ஓட்டற கேமராவே கெடையாது. பின்னால அப்டேட்ல குடுத்தாங்க. அதுவும் டாஷ்போர்டு இருக்க வேண்டிய எடத்துல வெறும் கருப்பு நிழல். 'நிஜமான டிரைவிங் சிமுலேட்டர்'னு தன்னைச் சொல்லிக்கிட்ட கேம் சாமி இது!

அந்த 1000லயும் ஒரு கூத்து. ஸ்கைலைன் மட்டும் எத்தனை தினுசு! வி-ஸ்பெக், வி-ஸ்பெக் 2, எம்-ஸ்பெக்னு நீண்டுக்கிட்டே போகும். மாஸ்டா ரோட்ஸ்டரும் அப்படித்தான். ஜப்பான்ல ஒரு பேரு, அமெரிக்காவுல ஒரு பேருன்னு கிட்டத்தட்ட ஒரே கார் திரும்பத் திரும்ப லிஸ்ட்ல நிக்கும். கல்யாண வீட்டு மொய் நோட்டுல ஒரே ஆள் நாலு தடவை பேர் எழுதின கதை.

இப்ப நியாயமாவும் பேசிடறேன். நானும் பொட்டி தட்டுறவன்தான். அந்தக் காலத்துல ஒரு பிரீமியம் கார் செய்ய ஆறு மாசம் ஆகுதுன்னு அந்த கேமை உருவாக்கின கசுநோரி யமாவுச்சியே சொல்லியிருக்கார். ஒரு காருக்கு ஒரு ஆள்னு வெச்சுக்கிட்டா, 800 காருக்கு 4800 மாசம், அதாவது 400 வருஷ உழைப்பு. புதுக் கார்னா கம்பெனிக்காரங்ககிட்ட கம்ப்யூட்டர் வரைபடம் வாங்கலாம். பழைய கார்னா தேடிப் போயி, போட்டோ எடுத்து, அளந்து, லேசர் ஸ்கேன் பண்ணித்தான் செய்யணும். முடியாதுன்னா முடியாதுதான். அதுல எனக்கு சண்டை இல்லை.

சண்டை எதுலன்னா, முடியலைங்கறதை மறைக்கறதுல.

யோசிச்சுப் பாத்தா அன்னிக்கு ஊரே கழுவி ஊத்தின கிரான் டூரிஸ்மோ 5 ஒரு வகையில யோக்கியம். எது புதுசு, எது பழசுன்னு லேபிள் ஒட்டி வெச்சிருந்தாங்க. 2023 அக்டோபர்ல வந்த ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்டைப் பாருங்க. அடித்தளத்துல இருந்து புதுசா கட்டினதுன்னு விளம்பரம், 500க்கும் மேல கார், ரே ட்ரேசிங், புது பெயின்ட்னு பெருமை. ஆனா லிஸ்ட்ல எக்ஸ்பாக்ஸ் 360 காலத்து மாடல்களும் கலந்து கெடந்துச்சு. ரசிகர்கள் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு நாறடிச்சுட்டாங்க. வெளிச்சம் எவ்வளவு தத்ரூபமா விழுதோ, அவ்வளவுக்கு பழைய மாடலோட கோணல் பளிச்சுனு தெரியும். சுவர்ல வெடிப்பை அடைக்காம சுண்ணாம்பு அடிச்சு, மேல ட்யூப் லைட்டும் போட்ட மாதிரி. இதுல எது பழசுன்னு சொல்ல ஒரு லேபிளும் இல்லை.

இந்த வேலை எனக்குப் புதுசு இல்லைங்க. முன்னாடி வேலை பாத்த எடத்துல ஒரு 'புத்தம் புது வெர்ஷன்' ரிலீஸ் பண்ணோம். உள்ள இருந்த மாட்யூல் நான் பள்ளிக்கூடம் போன காலத்துல எழுதினது. நான்தான் பேரை மாத்தி, கலரை மாத்தி, க்ளையன்ட்டுக்கு டெமோ குடுத்தேன். அவர் கை தட்டினார். எனக்கு அன்னிக்கு மத்தியானம் சோறு எறங்கலை. பழைய கோடை வெச்சுக்கறது தப்பே இல்லை, ஓடற வரைக்கும் ஓடட்டும். அதைப் புதுசுன்னு சொன்னதுதான் உறுத்துச்சு.

"200 கிலோமீட்டர் வேகத்துல போறப்ப சக்கர வளைவை எவன்டா பாக்கறான்?"னு கேப்பீங்க. நான் பாக்கறேன். தொட்டுப் பாக்கவே வழியில்லாத காரை, திரையிலயாவது சரியா பாக்கணும்னு நெனைக்கிறவன் பாக்கறான். கார் எப்படி இருந்தாலும் பரவாயில்லைன்னா லைசென்ஸ் எதுக்கு? சும்மா ஒரு செவப்புக் கார், ஒரு நீலக் கார்னு பேர் வெச்சுட்டுப் போயிருக்கலாமே!

கம்பெனிக்காரனை மட்டும் திட்டிட்டு நாம தப்பிச்சுக்க முடியாது. 2017ல கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட் வந்தப்ப பழசை மொத்தமா தூக்கிப் போட்டுட்டு எல்லாக் காரையும் புதுசா செஞ்சாங்க. ஆரம்பத்துல 150 சொச்சம் கார்தான். என்ன பண்ணோம்? "1200 கார் இருந்த எடத்துல இவ்ளோதானா?"ன்னு நாமதான் குதிச்சோம். அப்புறம் அப்டேட்ல ஒவ்வொண்ணா சேத்து 300ஐத் தாண்டினாங்க. ஒரு கார்கூட அரைவேக்காடு இல்லை. ஒழுங்கா செஞ்சவனுக்கு நாம குடுத்த மரியாதை அது. அடுத்தவன் ஏன் எண்ணிக்கையை ஊதிப் பெருக்க மாட்டான்?

நான் கேக்கறது ரெண்டே ரெண்டு. செய்ய முடிஞ்சதை மட்டும் எண்ணுங்க. பழசைப் போட்டே ஆகணும்னா, எந்த வருஷம் செஞ்ச மாடல்னு கராஜ்ல அந்தக் கார் பக்கத்துலயே எழுதி வெயிங்க. பால் பாக்கெட்டுலயே தேதி போடறான், 5000 ரூபா வாங்கற கேம்ல போட முடியாதா?

தம்பிகிட்ட கடைசியா இதான் சொன்னேன். "எத்தனை கார்னு கேக்காதடா. உனக்குப் புடிச்ச ஒரு காரை எடுத்துக்க. அது எந்த கேம்ல சரியா இருக்குன்னு பாரு, அதை வாங்கு."

"சரிண்ணா, உனக்குப் புடிச்ச அந்த ஸ்கைலைன் எதுல நல்லா இருக்கு?"ன்னான்.

அதுக்கு ஒரு மணி நேரம் பேசினேன். பாவம் பய, இனிமே ஃபோன் பண்ண மாட்டான் :-))

டிஸ்கி: ஆர்34 ரசிகர்கள் பின்னூட்டத்துல ஆஜர் குடுக்கவும். "போய் வேலையைப் பாரு"ன்னு சொல்ல வர்றவங்க மேனேஜருக்கு அப்புறமா லைன்ல நிக்கவும்.