யாருடைய பெட்டகத்துக்குக் காவல்?

கல்லூரி மாணவருக்கான இணையப் பாதுகாப்புப் போட்டிகளைப் பற்றி நம் ஆசிரிய நண்பர்களிடையே இருவகைக் கருத்துகள் உலவுகின்றன. “அது கொழும்பார் பிள்ளைகளின் பொழுதுபோக்கு, பரந்தன் வயற்காரன் மகனுக்கு எதற்கு?” என்பது ஒன்று. “கிண்ணத்தை வென்று வா, கம்பெனிக்காரன் கண்ணிற் பட்டாற் பிழைத்துக்கொள்வாய்” என்பது மற்றது. எதிரெதிராகத் தோன்றினும் இரண்டும் ஒரே தவற்றிற் பிறந்தவை. காவல் என்பது பணம் படைத்தவனின் சொத்துக்கே உரியது என்னும் எண்ணமே அத்தவறு. அதனை நாம் மறுக்கிறோம்.

போட்டி இன்னதென்று முதலில் அறிவோம். அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் 2005-ஆம் ஆண்டு கல்லூரிகளுக்கிடையே ஒரு தற்காப்புப் போட்டி தொடங்கியது. அதில் ஒவ்வோர் அணியிடமும் ஒரு சிறு நிறுவனத்தின் கணினி வலையமைப்பு ஒப்படைக்கப்படும். கைதேர்ந்த குழுவொன்று அதனைத் தாக்கும். மாணவர் திருப்பித் தாக்கலாகாது. கடவுச்சொற்களை மாற்றி, ஓட்டைகளை அடைத்து, மின்னஞ்சலும் இணையத்தளமும் நின்றுவிடாமற் காக்கவேண்டும். இடையிடையே மேலிடம் ஏவும் வேலைகளையும் முடித்துக்கொடுக்கவேண்டும். சேவை தடைப்பட்டாற் புள்ளி குறையும்.

ஊடுருவற் போட்டி வேறுவகை. ஒளித்துவைத்த குறியீட்டைக் கண்டெடுப்பவருக்கு அதிற் புள்ளி. 2006-இல் நிறுவப்பட்ட ‘ஸ்ரீலங்கா சேர்ட்’ அமைப்பும் தன் இணையப் பாதுகாப்பு வாரங்களில் அத்தகைய போட்டிகளை நடத்தியிருக்கிறது. அதனை நாம் இகழவில்லை. கள்வன் வரும் வழியறியாதவன் காவலனாக இயலாது. ஆனால் பூட்டைத் திறந்தவனுக்குக் கைதட்டி, பெட்டகத்தருகே விழித்திருந்தவனை மறந்துவிடும் மனப்பான்மை போட்டி மண்டபத்தோடு நிற்பதில்லை. அரசாங்கக் காரியாலயத்துக்குள்ளும் அது புகுந்துவிடுகிறது.

சான்று வேண்டுமா? 2023 ஆகஸ்டில், கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் தீநிரலொன்று இலங்கை அரசின் மின்னஞ்சற் கட்டமைப்பைத் தாக்கியது. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்களுக்கு மாற்றுப்படி இருக்கவில்லை. மென்பொருளோ காலங்கடந்தது, புதுப்பிக்கும் எண்ணம் இருந்தும் நிதியின்மை முதலிய காரணங்களால் அப்பணி பின்தள்ளப்பட்டிருந்தது. அந்த ஓட்டையை அடைக்க மேதாவி எவரும் தேவைப்படவில்லை. காவற்பணிக்கு மதிப்பும் பணமும் கொடுக்கும் ஆட்சிதான் தேவைப்பட்டது.

பதிவு தொலைவதன் பொருளை வன்னி மக்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. 2008-இலும் 2009-இலும் ஊர் ஊராக ஓடியபோது காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பறிகொடுத்த குடும்பங்கள் எத்தனை! தம் காணி தமதே என்று நிறுவ அவர்கள் ஏறாத படிகள் எத்தனை! இன்று அத்தகைய பதிவுகள் மெல்ல மெல்லக் கணினிக்குள் செல்கின்றன. 2023-இல் தொடங்கிய அஸ்வெசும நலன்புரித் திட்டத்தின் பயனாளர் விவரமும் அங்கேதான் இருக்கிறது. ஆகவே அப்பெட்டகம் முதலாளிக்கு மட்டும் உரியதன்று. ஏழையின் உறுதியும் அதற்குள் இருக்கிறது.

இக்காவல் நமக்குப் புதிதுமன்று. செல்லரிக்குமுன் ஏட்டைப் பெயர்த்தெழுதிய மரபு நம்முடையது. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை சுவடிகளைத் தேடி அச்சேற்றியதும் காவற்பணியே. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, வேறு படியில்லாத ஏடுகள் மீளவேயில்லை. இவ்வளவும் அறிந்த நாமே மாணவரின் புள்ளிகளை ஒரே கணினியில் வைத்து, கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்டிவிடுகிறோமே! நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்வோம்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமே இயங்குகிறது. இவை வன்னிக்கெனத் தற்காப்புப் போட்டியொன்றை நடத்தட்டும். காக்கவேண்டிய மாதிரி வலையமைப்பு வங்கியினுடையதாக வேண்டாம். ஒரு பிரதேச செயலகத்தையோ கிராமிய வைத்தியசாலையையோ ஒத்திருக்கட்டும். வினாவும் விளக்கமும் தமிழில் இருக்கட்டும். அழிந்த பதிவை மாற்றுப்படியிலிருந்து மீட்கும் அணிக்கு உயர்ந்த புள்ளி கிடைக்கட்டும்.

பாடசாலைகளும் காத்திருக்கவேண்டியதில்லை. பழைய கணினிகள் நாலைந்தும், விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸும் தொடக்கப் பயிற்சிக்குப் போதும். அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைவதை 2007-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. ஆதலால் நம் கணினிகளை வெளித்தொடர்பின்றிப் பிணைத்து, அவற்றுக்குள்ளேயே பயில்வோம்.

போட்டிக்குப் புறப்படும் பிள்ளையிடம் “வெல்வாயா?” என்று மட்டும் கேட்டனுப்புவது ஆசிரியர்க்கு அழகன்று. “கற்றதைக் கொண்டு யாருடைய பெட்டகத்தைக் காக்கப்போகிறாய்?” என்றும் கேட்போம். அக்கேள்விக்கு விடை தேடும் பிள்ளை, கிண்ணமின்றித் திரும்பினாலும் நமக்கு நட்டமில்லை.